ராணியும் ராஜாவும் மட்டும் மிச்சம் இருக்கா? செக்கே சொல்லாம மேட் பண்றது எப்படின்னு பாக்கலாம்

செஸ் புதுசா ஆட ஆரம்பிச்ச யார்கிட்ட பேசினாலும் ஒரு வயித்தெரிச்சல் கதை வரும். எதிராளியோட காய் எல்லாத்தையும் வெட்டியாச்சு, அவன்கிட்ட தனியா ஒரு ராஜா மட்டும் நிக்குது, நம்மகிட்ட ராணி இருக்கு, ராஜா இருக்கு, ஜெயிச்ச ஆட்டம்தான், ஆனா செக், செக், செக்னு சொல்லிக்கிட்டே போர்டு முழுக்க துரத்தி துரத்தி கடைசில ஒரு மூவ் வச்சதும் ஸ்டேல்மேட், அதாவது அவன் ராஜா மேல செக்கும் இல்ல, நகர ஒரு கட்டமும் இல்ல, ஆட்டம் டிரான்னு ஆயிடும். அவ்வளவு நேரம் நல்லா ஆடினதுக்கு கிடைச்சது அரை பாயிண்ட்.

இதுக்கு காரணம் மூளை கம்மியா இருக்கறது கிடையாது, யாரும் உக்கார வச்சு சொல்லித் தரல, அவ்வளவுதான். காய் எப்படி நகரும்னு சொல்லித் தருவாங்க, அடுத்த நாளே ஓப்பனிங், அதுல நாலு ட்ராப், யூட்யூப்ல பத்து வீடியோ, கடைசிக் கட்டம் பக்கம் யாரும் எட்டிக்கூட பாக்கறதில்ல. எனக்கு இதுல ரொம்ப அழுத்தமான கருத்து இருக்கு. காய் நகர்த்த கத்துக்கிட்ட உடனே ஒரு குழந்தைக்கு சொல்லித் தர வேண்டிய முதல் பாடம் இந்த ராணி மேட்தான், ஏன்னா ஒரு ஆட்டத்தை முடிக்கத் தெரிஞ்சாதான் நடுவுல எதுக்காக ஒரு சிப்பாயை காப்பாத்தறோம்னு புரியும். ஒரு சிப்பாய் கூட இருந்தா அது ஓடி எட்டாவது வரிசைக்கு போயி ராணி ஆகும், ராணி ஆனா மேட். மொத்த செஸ்ஸும் இந்த ஒரு நம்பிக்கை மேலதான் நிக்குது.

பெரிய ஆளுங்க ஆட்டத்துல இந்த மேட்டை நீங்க பாக்கவே மாட்டீங்க, ஏன்னா அதுக்கு ரொம்ப முன்னாடியே தோத்தவர் தோல்வியை ஒத்துக்கிட்டு கை குடுத்துடுவார். 2024 டிசம்பர் 12 அன்னைக்கு சிங்கப்பூர்ல நம்ம குகேஷ் உலக சாம்பியன் ஆன அந்த 14வது ஆட்டத்தையே எடுத்துக்கோங்க. அவரோட எதிராளி, சீனாவோட டிங் லிரென் 55வது மூவ்ல யானையை தப்பான இடத்துல வச்சார், அதுக்கப்புறம் யானை, பிஷப் எல்லாம் வெட்டுப்பட்டு ராஜாவும் சிப்பாயும் மட்டும்தான் மிச்சம், 58வது மூவ்லயே டிங் ரிசைன் பண்ணிட்டார். போர்டுல ராணியே கிடையாது! ஆனா ஒரு சிப்பாய் ராணி ஆகப்போகுது, அதுக்கப்புறம் என்ன நடக்கும்னு ரெண்டு பேருக்கும் தெரியும், அதனால ஆடிப் பாக்க வேண்டிய தேவையே இல்ல. அந்த "அதுக்கப்புறம்" என்னங்கறதைத்தான் இப்ப பாக்கப் போறோம்.

கட்டத்தோட பேரை முதல்ல சொல்லிடறேன். வெள்ளைக் காய் ஆடறவர் பக்கத்துல உக்காந்து பாத்தா இடது பக்கத்துல இருந்து ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, ஹெச்னு எட்டு ஃபைல், அதாவது நெடுக்கா போற கோடு, கீழ இருந்து மேல 1ல இருந்து 8 வரைக்கும் வரிசை. இ5ன்னா இ ஃபைல்ல அஞ்சாவது கட்டம். படிக்கறப்ப பக்கத்துல ஒரு போர்டை விரிச்சு வச்சுக்கோங்க, ஃபோன்ல இருந்தாலும் சரி. போர்டு இல்லாம இதை வெறுமனே படிச்சா மண்டைல நிக்காது.

முதல்ல ஒரு விஷயம் புரியணும், ராணி தனியா மேட் பண்ண முடியாது. நடு போர்டுல நிக்கற ராணி 27 கட்டத்தை பாக்கும், அவ்வளவு பலம், ஆனாலும் முடியாது. கருப்பு ராஜா ஹெச்8 மூலைல நிக்குதுன்னு வைங்க, அது போறதுக்கு மூணே கட்டம்தான் இருக்கு, ஜி8, ஜி7, ஹெச்7. ராணியை ஹெச்1ல வச்சு தூரத்துல இருந்து செக் குடுத்தா ராஜா ஜி7க்கோ ஜி8க்கோ போயிடும். சரி, ராணியை கொண்டு போயி ஜி7லயே வச்சா மூணு வழியும் அடைபடுது, செக்கும் ஆகுது, ஆனா ராஜா ராணியையே வெட்டிட்டு போயிடும். இப்ப அதே ராணி ஜி7ல இருக்கறப்ப நம்ம ராஜா எஃப்6ல நின்னுச்சுன்னா? கருப்பு ராஜா ராணியை தொட முடியாது, வேற எங்கயும் போகவும் முடியாது. மேட். வித்தியாசம் நம்ம ராஜா மட்டும்தான். ஆட்டம் ஆரம்பத்துல ராஜாவை ஒளிச்சு ஒளிச்சு வச்சு பழகினதால புதுசா ஆடறவங்க கடைசிலயும் அதை முதல் வரிசைலயே விட்டுடறாங்க, ராணி ஒண்டியா அலையுது. எதிராளிகிட்ட காயே இல்லாதப்ப நம்ம ராஜாவுக்கு என்ன பயம், தைரியமா நடந்து வரட்டும்.

முடிவு எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டா அதுக்கு போற வழி சுலபமா புரியும், அதனால மேட் ஆன போர்டை முதல்ல பாத்துடலாம். கருப்பு ராஜா இ8ல, நம்ம ராஜா இ6ல, ராணி இ7ல. ராணி அப்படியே ராஜா மூஞ்சிக்கு நேரா ஒட்டி நிக்குது, பின்னாடி நம்ம ராஜா காவல். டி8, எஃப்8, டி7, எஃப்7 எல்லாமே ராணி கைல. இதான் எனக்கு ரொம்ப பிடிச்ச மேட், ஏன்னா நம்ம ராஜா ராணி நிக்கற கட்டத்தை தொடற தூரத்துல எங்க இருந்தாலும் இது வேலை செய்யும், டி6ல இருந்தாலும் இதே மேட்தான். இன்னொண்ணு, கருப்பு ராஜா இ8ல, நம்ம ராஜா இ6ல இருக்கறப்ப ராணி தூரமா ஏ8ல போயி நிக்கறது. எட்டாவது வரிசை முழுக்க ராணி பாக்குது, ஏழாவது வரிசைல டி7, இ7, எஃப்7 மூணையும் நம்ம ராஜா பாத்துக்குது. ஆனா இதுக்கு ரெண்டு ராஜாவும் நடுவுல ஒரு கட்டம் விட்டு நேருக்கு நேரா நிக்கணும். நம்ம ராஜா டி6ல இருக்கறப்ப ஏ8ல செக் குடுத்தா அது எஃப்7 வழியா நழுவிடும். புதுசா கத்துக்கறவங்க முதல் மேட்டை மட்டும் மனசுல வச்சுக்கிட்டா போதும்.

இப்ப ராஜாவை ஓரத்துக்கு தள்றது எப்படி? மேட் ஆகணும்னா அது போர்டோட ஓரத்துல இருக்கணும், நடுவுல நிக்கற ராஜாவுக்கு எட்டு கட்டம், ஓரத்துல அஞ்சு, மூலைல மூணுதான். இங்கதான் எல்லாரும் செக் சொல்ல ஆரம்பிக்கறாங்க, இங்கதான் ஆட்டம் கெடுது. செக் சொன்னா ராஜா நகர்ந்தே ஆகணும், ஆனா எந்தப் பக்கம்ங்கறதை அதுதான் முடிவு பண்ணும், பாதி நேரம் திரும்ப நடுவுக்கே வந்துடும். ஆட்டை பட்டில அடைக்கறவங்க பாத்தீங்கன்னா பின்னாடி கத்திக்கிட்டு விரட்ட மாட்டாங்க, விரட்டினா தெறிச்சு ஓடும், போகக்கூடாத பக்கத்தை மறிச்சுக்கிட்டு நிப்பாங்க, அது தானா உள்ள போகும். ராணியும் அதைத்தான் பண்ணணும். நான் இப்ப காட்டப்போற முறைல கடைசி மேட் வரைக்கும் ஒரு செக்கு கூட கிடையாது.

விஷயம் இதுதான்: ராணியை எதிராளி ராஜாவுக்கு ஒரு குதிரை தாவல் தூரத்துல வைக்கணும். குதிரை எப்படி ரெண்டு கட்டம் நேரா ஒரு கட்டம் பக்கவாட்டுல போகுமோ அந்த தூரம். ஏன் அந்த தூரம்னா, ராணியால எங்க வேணா போக முடியும், குதிரை மாதிரி மட்டும் தாவ முடியாது, அதனால அங்க நின்னா செக் ஆகாது, ஆனா ராஜாவைச் சுத்தி இருக்கற கட்டத்துல பாதிக்கு மேல அடைபட்டுடும். அப்புறம் ராஜா எந்தப் பக்கம் ஒரு கட்டம் நகருதோ ராணியும் அதே பக்கம் அதே ஒரு கட்டம் நகரணும், அது மேல போனா இதுவும் மேல, அது கிராஸா போனா இதுவும் கிராஸா. வேற எதையும் யோசிக்கவே வேணாம்.

போர்டுல வைங்க. வெள்ளை ராஜா இ1, ராணி டி1, கருப்பு ராஜா நடு போர்டுல இ5. நம்ம மூவ். ராணியை டி3க்கு கொண்டு வாங்க. இப்ப கருப்பு ராஜாவைச் சுத்தி பாருங்க, டி4, டி5, டி6 மூணும் போச்சு, அந்த ஃபைலே ராணியோடது, இ4ம் எஃப்5ம் ராணியோட கிராஸ் கோட்டுல இருக்கு, அதுவும் போச்சு. எட்டுல அஞ்சு அடைபட்டு மிச்சம் இ6, எஃப்6, எஃப்4 மட்டும். ஒரே மூவ்ல, செக் சொல்லாம.

கருப்பு இ6க்கு போகுது, ஒரு கட்டம் மேல, ராணியும் ஒரு கட்டம் மேல டி4க்கு. கருப்பு எஃப்5க்கு வருது, வலது பக்கம் கிராஸா கீழ, ராணியும் வலது பக்கம் கிராஸா கீழ இ3க்கு. கருப்பு ஜி4, ராணி எஃப்2. கருப்பு ஹெச்3, ராணி ஜி1. கவனிச்சீங்களா, நாம எதுவும் ப்ளான் பண்ணல, அது பண்றதை அப்படியே திருப்பி பண்ணினோம், அஞ்சு மூவ்ல நடு போர்டுல ஜாலியா நின்ன ராஜா ஹெச் ஃபைல் ஓரத்துக்கு வந்துடுச்சு. நடுவுல அது வேற கட்டத்துக்கு போயிருந்தா? ஒண்ணும் பிரச்சனை இல்ல, அந்தப் பக்கமே நீங்களும் போங்க, கொஞ்சம் சுத்தும், ஆனா திரும்ப நடுவுக்கு வர விடாது.

ஓரத்துக்கு வந்ததும் அதோட நிலைமை இன்னும் மோசம். ராணி ஜி1ல, ராஜா ஹெச்3ல, ஜி ஃபைல் முழுக்க அடைப்பு, ஹெச்2ம் ராணி கைல, போறதுக்கு ஹெச்4 ஒண்ணுதான். போகுது. ராணி ஜி2. ஹெச்5 ஒண்ணுதான். ராணி ஜி3. ஹெச்6. ராணி ஜி4. ஹெச்7. ராணி ஜி5. ஹெச்8. வந்தாச்சு மூலைக்கு.

இப்ப கை எடுத்துடுங்க! இதுவரைக்கும் காப்பி அடிச்சே வந்த கை அதே பழக்கத்துல ராணியை ஜி6க்கு தூக்கும், தொண்ணூறு பங்கு ஸ்டேல்மேட் நடக்கற இடம் இதுதான்னு தோணற அளவுக்கு இதை எத்தனையோ ஆட்டத்துல பாக்கலாம். ராணி ஜி6ல வந்தா என்ன ஆகுதுன்னு விரலை வச்சு எண்ணிப் பாருங்க. ஜி8, ராணி பாக்குது. ஜி7, ராணி பாக்குது. ஹெச்7, கிராஸ்ல ராணி பாக்குது. போக இடமே இல்ல. ஆனா ராஜா மேல செக்கும் இல்ல. அவன் மூவ், ஆட காய் இல்ல, ஆட்டம் அந்த நொடியே டிரா. இதுக்கு கண்ணாடில பாத்த மாதிரி இன்னொரு கட்டம் எஃப்7, அங்க ராணியை வச்சாலும் இதே கதி. அதனால ஒரே ஒரு ரூல், எதிராளி ராஜா மூலைல இருக்கறப்ப மட்டும் குதிரை தாவல் தூரத்துல ராணியை வைக்கக்கூடாது. போர்டு முழுக்க நமக்கு உதவி பண்ணின அதே தூரம் மூலைல நம்மளையே கவுத்துடும்.

எல்லாத்தையும் இழந்தவனுக்கு எதுக்கு டிரா குடுக்கணும்னு நிறைய பேருக்கு ஆத்திரமா வரும். செஸ்ஸோட பழைய வடிவமான ஷத்ரஞ்ச் காலத்து ரூல்ல இப்படி போக வழியில்லாம அடைச்சா அடைச்சவர் ஜெயிச்சதாதான் கணக்கு. இப்ப இருக்கற ரூல்ல டிரா. எனக்கு இந்த ரூல் பிடிக்கும், தோத்துக்கிட்டு இருக்கறவருக்கும் கடைசி வரைக்கும் ஒரு நப்பாசை இருக்கறதாலதான் ஜெயிக்கறவர் கடைசி வரைக்கும் கவனமா ஆடறார். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கோங்க, எதிராளிகிட்ட நகர்த்த முடிஞ்ச ஒரு சிப்பாய் இருந்தா கூட ஸ்டேல்மேட் ஆகாது, அவன் அதை நகர்த்தியாகணும். வெறும் ராஜாவா இருக்கறப்பதான் இந்த பயம்.

சரி, ராணி ஜி5லயே நிக்கட்டும். கருப்பு ராஜா ஹெச்8ல இருக்கு, அதுக்கு ஹெச்7 காலியா இருக்கு. ஹெச்7க்கு போனா அங்க இருந்து திரும்ப ஹெச்8தான், ஹெச்6 ராணி கைல, ஜி ஃபைலும் ராணி கைல. ரெண்டு கட்டத்துக்குள்ள ராஜா சிறை. அது அங்கயும் இங்கயும் போய்க்கிட்டே இருக்கட்டும், ராணியை இனிமே தொடாதீங்க. நம்ம ராஜா கிளம்பட்டும். இ1ல இருந்து எஃப்2, எஃப்3, எஃப்4, எஃப்5, எஃப்6. அஞ்சு மூவ். எந்த அவசரமும் இல்ல, ஒரே கவனம், ராணியோட ஜி ஃபைல் கோட்டுக்கு முன்னால போயி நம்ம ராஜாவே மறிச்சுக்கிட்டு நின்னுடக்கூடாது, அதான் எஃப் ஃபைல் வழியாவே கூட்டிட்டு போறோம்.

ராஜா எஃப்6க்கு வந்ததும் கருப்பு ஹெச்7ல இருந்தாலும் சரி ஹெச்8ல இருந்தாலும் சரி, ராணி ஜி7. மேட். ஆட்டத்தோட முதல் செக், கடைசி செக், ரெண்டும் அதுதான். மொத்தம் 15 மூவ்.

கம்ப்யூட்டர் கணக்குப்படி ராஜா ராணி எங்க இருந்தாலும் சரியா ஆடினா அதிகபட்சம் 10 மூவ்ல மேட் பண்ணிடலாம். நம்ம முறைல அதைவிட அஞ்சாறு மூவ் கூட ஆகும், ஆகட்டுமே, 50 மூவ் வரைக்கும் நமக்கு டைம் இருக்கு. சிப்பாய் நகராம காய் எதுவும் வெட்டுப்படாம ரெண்டு பேரும் 50 மூவ் ஆடிட்டா எதிராளி டிரா கேக்கலாம்ங்கறது ரூல். 15 மூவ்ங்கறது அதுக்கு பக்கத்துலயே வராது. கை பழகினதும் நீங்களே வேகமா பண்ணுவீங்க, ராஜா ஓரத்துக்கு வந்த உடனேயே, மூலை வரைக்கும் போகாம, அந்த ஃபைலை அடைச்சு வச்சுட்டு நம்ம ராஜாவை கூப்பிட ஆரம்பிச்சுடலாம். ஆனா ஆரம்பத்துல மூலை வரைக்கும் கொண்டு போறதுதான் நல்லது, அப்பதான் எதிராளி ராஜா எங்க எங்க போகும்னு நிச்சயமா தெரியும்.

மூவை விட க்ளாக்தான் நிஜமான எதிரி. ஆளுக்கு சில நிமிஷமே இருக்கற பிளிட்ஸ் ஆட்டத்துல பத்து செகண்ட்தான் மிச்சம் இருக்கறப்ப இந்த நிலைமை வந்தா உங்க டைம் முடிஞ்சுடுச்சுன்னா நீங்க தோக்க மாட்டீங்க, அவன்கிட்ட வெறும் ராஜா மட்டும் இருக்கறதால டிரா, ஆனா ஜெயிச்ச ஆட்டம் போச்சுல்ல. காப்பி அடிக்கற இந்த முறையோட அருமை அங்கதான் தெரியும், யோசிக்கவே வேணாம்ங்கறதால ஒவ்வொரு மூவும் அரை செகண்ட்ல வச்சுடலாம். ஆன்லைன்ல எதிராளி ஆடறதுக்கு முன்னாடியே நம்ம மூவை போட்டு வைக்கற ப்ரீமூவ் மட்டும் மூலை பக்கத்துல போடாதீங்க, ராஜா ஹெச்8க்கு போகும்னு தெரியாமலே ராணி ஜி6க்கு போயி உக்காந்துடும்.

இன்னொரு பழக்கத்தையும் சொல்லணும், மனசு கேக்கல. ஒரு ராணி இருக்கறப்பவே மிச்ச சிப்பாயை எல்லாம் கொண்டு போயி ரெண்டு ராணி, மூணு ராணின்னு பண்றது. பசங்க ஆட்டத்துல இதை நிறைய பாக்கலாம், அவங்களுக்கு அது ஒரு குஷி. ஆனா ராணி கூட கூட அடைபடற கட்டமும் கூடும், ஸ்டேல்மேட் ஆகற வாய்ப்பும் கூடும். ஒரு ராணி தாராளமா போதும். எதிர்ல உக்காந்து தோத்துக்கிட்டு இருக்கற பையனுக்கும் அது மரியாதை.

ப்ராக்டிஸ் பண்றதுக்கு லைசெஸ்ங்கற செஸ் வெப்சைட்ல ப்ராக்டிஸ் பகுதில இந்த மேட் தனியாவே இருக்கு, காசு கிடையாது, கம்ப்யூட்டர் வெறும் ராஜாவை வச்சுக்கிட்டு நல்லாவே தப்பிச்சு ஓடும். அதைவிட நல்ல வழி வீட்டுல யாரையாவது எதிர்ல உக்கார வச்சு ஆடறது, அதுலயும் வெறும் ராஜா பக்கம் நீங்க உக்காருங்க. தப்பிக்கணும், முடியலன்னா ஸ்டேல்மேட்டுக்குள்ள போயி விழணும்னு நினைச்சு ஆடிப் பாருங்க, நடுவை விட்டு போகாம எப்படி இழுத்தடிக்கலாம், எந்த மூலைல எதிராளி அவசரப்படுவான்னு அந்தப் பக்கத்துல இருந்து பாத்தாதான் தெரியும், மறுபடி ராணி பக்கம் வந்ததும் கண்ணு தானா அந்த கட்டத்துக்கு போகும். காய் ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல வச்சு ஆரம்பிங்க. நம்ம ராஜாவே குறுக்க நின்னு ராணியால காப்பி அடிக்க முடியாம போற நிலைமையும் வரும், அப்ப வேற ஒரு குதிரை தாவல் கட்டத்துக்கு ராணியை மாத்திக்கோங்க, இல்லன்னா நம்ம ராஜாவை ஒரு கட்டம் பக்கத்துல கூட்டிட்டு வாங்க, ரெண்டுமே சரிதான்.

ராணி மேட் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் வர்ற அளவுக்கு ஆனதும் யானையும் ராஜாவும் வச்சு மேட் பண்றதுக்கு போங்க. யானையால கிராஸ் கட்டத்தை பாக்க முடியாது, அதனால அங்க நம்ம ராஜா முதல் மூவ்ல இருந்தே வேலைல இறங்கணும், ரெண்டு ராஜாவும் நேருக்கு நேரா நிக்கற அந்த நிலைமை அங்க ரொம்ப ரொம்ப முக்கியம், சரியா ஆடினா அதிகபட்சம் 16 மூவ்.